வாரமும் குத்தகையும்: பள்ளிப் பிள்ளைகளுக்குப் பங்குச் சந்தையைக் கற்பிக்க ஒரு வழிகாட்டி

டெல்டா மாவட்டத்துப் பிள்ளை ஒன்றிடம் வாரத்துக்கும் குத்தகைக்கும் என்ன வேறுபாடு என்று கேட்டால், வயலில் இறங்கியே அறியாத பிள்ளையாக இருந்தாலும், வீட்டுத் திண்ணையில் கேட்ட பேச்சை வைத்து ஏதாவது ஒரு விடை சொல்லும். குத்தகை என்றால் விளைச்சல் கூடினாலும் குறைந்தாலும் நிலக்காரருக்குப் பேசிய கலம் நெல்லை அளந்துவிட வேண்டும். வாரம் என்றால் களத்தில் தூற்றிக் குவித்த நெல்லில் பேசிய விகிதம் அவருக்குப் போகும். குவியல் பெரிதானால் அவர் பங்கும் பெரிது, பயிர் மழையில் மூழ்கிப்போனால் அவருக்கும் ஒன்றுமில்லை. வங்கி வைப்பு குத்தகை போன்றது, நிறுவனப் பங்கு வாரம் போன்றது என்பதை ஒரு பிள்ளை தன் சொற்களில் சொல்லும் நிலைக்கு வந்துவிட்டால், பங்குச் சந்தைக் கல்வியின் கடினமான பகுதி முடிந்துவிட்டது என்றே நான் கருதுகிறேன்.

கும்பகோணத்துக்கும் மன்னார்குடிக்கும் இடைப்பட்ட ஓர் ஊரில் மேல்நிலை வகுப்புகளுக்கு வணிகவியல் கற்பிக்கிறேன். பன்னிரண்டாம் வகுப்பில் மூலதனச் சந்தையும் பங்குச் சந்தையும் அவற்றை ஒழுங்குபடுத்தும் செபி அமைப்பும் பாடங்களாகவே இருக்கின்றன. இருந்தும், அவற்றில் நல்ல மதிப்பெண் வாங்கிய மாணவர்கள் பள்ளியை விட்டுப் போன ஓரிரு ஆண்டுகளில் கைபேசியில் வந்த ஏதோ ஒரு குழுவை நம்பிப் பணத்தைத் தொலைத்துவிட்டு வந்து நின்றதைப் பார்த்திருக்கிறேன். அதன் பின்னரே எட்டாம் வகுப்பு முதல் பிள்ளைகளைச் சேர்த்துச் சனிக்கிழமைகளில் வேறு வரிசையில் கற்பிக்கத் தொடங்கினேன். இந்த வேலைக்குப் புதிதாக வரும் ஆசிரியர்களுக்காகவும் பெற்றோருக்காகவும் அந்த வரிசையை இங்கே எழுதுகிறேன். தொழிலை முதலில் காட்ட வேண்டும், விலையைக் கடைசியில் காட்ட வேண்டும் என்பதே அந்த வரிசையின் அடிப்படை.

முதல் ஆண்டு நான் இதைத் தலைகீழாகச் செய்தேன். ஆளுக்கு ஓர் இலட்சம் ரூபாய் கற்பனைப் பணம் என்று வைத்து, நாளிதழில் விலையைப் பார்த்து வாங்கவும் விற்கவும் சொல்லி, மாத முடிவில் யாரிடம் அதிகம் இருக்கிறதோ அவருக்குப் பரிசு என்று அறிவித்தேன். வென்ற மாணவனால், தான் வாங்கிய நிறுவனம் என்ன தொழில் செய்கிறது என்பதைச் சொல்ல முடியவில்லை. அடுத்த வாரம் அவனுடைய தந்தையார் குறுவை நெல் விற்ற பணத்தோடு பள்ளிக்கு வந்து, “பையன் சொல்றதுல எதுல போடலாம் சார்?” என்று கேட்டார். ஒரு மாதத்துத் தற்செயலை நான் திறமை என்று பிள்ளைக்குச் சொல்லிவிட்டேன், பிள்ளை அதை வீட்டுக்குக் கொண்டுபோய்விட்டான் என்பது அப்போதுதான் எனக்கு உறைத்தது. பணத்தை வங்கியிலேயே போட்டு வைக்கும்படி அவரை அனுப்பி வைத்தேன். போட்டியையும் அத்தோடு நிறுத்திவிட்டேன். நீங்கள் அதைத் தொடங்கவே வேண்டாம் என்று கேட்டுக்கொள்கிறேன்.

வீட்டில் முதலில் பேச வேண்டியவை

பிள்ளைக்குக் கற்பிக்கும் முன் வீட்டுப் பெரியவர்களோடு ஒரு முறை உட்கார்ந்து பேசுவது நல்லது. எங்கள் பகுதியில் பங்கு என்ற சொல்லைக் கேட்டாலே அஞ்சும் குடும்பங்கள் பல உண்டு. 1990-களில் அதிக வட்டி தருவதாகச் சொல்லித் தெருவுக்குத் தெரு முளைத்த நிதி நிறுவனங்கள் மூடப்பட்டபோது ஏமாந்த தலைமுறை அது. என் தந்தையாரும் அப்படி ஒன்றில் சேமிப்பை இழந்தவர். வீட்டில் பல மாதம் அதைப் பற்றி யாரும் வாய் திறக்கவில்லை. வைப்பாளர்களைக் காக்க 1997-இல் தமிழ்நாட்டில் தனிச் சட்டமே கொண்டுவர வேண்டியிருந்தது. அந்த நிறுவனங்களில் போடப்பட்டது பங்கு முதலீடு அன்று, வட்டிக்கு வைத்த வைப்புதான் என்பதையும், ஆயினும் ‘உறுதியாக இவ்வளவு வரும்’ என்ற சொல்லே அங்கே வலையாக இருந்தது என்பதையும் பெரியவர்களிடம் பொறுமையாகப் பிரித்துச் சொல்ல வேண்டும். அவர்களுடைய அச்சம் நியாயமானது. அதைப் பிள்ளைகளின் முன்னால் குறைத்துப் பேசக் கூடாது.

அடுத்தது கடன். வெளியில் மாதம் நூற்றுக்கு மூன்று வட்டிக்கு வாங்கிய கடன் வீட்டில் இருந்தால் அது ஆண்டுக்கு 36 சதவீதம். எந்தப் பங்கும் ஆண்டுதோறும் அந்த அளவுக்கு ஈட்டித் தரும் என்று எவரும் பொறுப்போடு சொல்ல முடியாது. அந்தக் கடனை அடைப்பதே அந்த வீட்டின் முதலீடு. அதன் பிறகு, மருத்துவத்துக்கும் அடுத்த சாகுபடிக்கும் வேண்டிய பணம் வங்கியிலோ அஞ்சலகத்திலோ தனியாக இருக்க வேண்டும். இந்த இரண்டும் இல்லாத வீட்டுப் பிள்ளையும் பங்குச் சந்தையைக் கற்றுக்கொள்ளலாம். கற்பதற்குப் பணம் தேவையில்லை என்பதை அந்தப் பிள்ளையிடம் முதல் நாளே சொல்லிவிடுங்கள், ஏனென்றால் இந்த வகுப்பு பணக்காரப் பிள்ளைகளுக்கானது என்று நினைத்துப் பின் பெஞ்சில் ஒதுங்கிவிடும் பிள்ளைகள் உண்டு.

முதல் படி: பங்கு என்ற சொல்

ஒரு வேலி நிலம் 20 மா என்பதிலிருந்து தொடங்குகிறேன். ஒரு வேலியை ஐந்து பேர் சேர்ந்து வாங்கினால் ஆளுக்கு 4 மா. ஒருவர் தம் 4 மாவை விற்றுவிட்டுப் போனாலும் வயலும் பயிரும் அங்கேயேதான் இருக்கும், உடைமை மட்டுமே கை மாறும். நிறுவனம் ஒன்று தன் மூலதனத்தைச் சிறு சிறு பங்குகளாகப் பிரித்து விற்பதும் இதே கணக்கு. பழைய தஞ்சை மாவட்டத்துக் காணியாட்சி ஊர்களில் ஊர் நிலம் முழுவதையும் இத்தனை பங்கு என்று கணக்கிட்டு வைத்திருந்ததும், அந்தப் பங்குகள் விலைக்குக் கை மாறியதும் உண்டு. மும்பை பங்குச் சந்தை அமைப்பாகத் தொடங்கியது 1875-இல்தான். பங்கு என்ற சொல்லும் அதை விற்று வாங்கும் பழக்கமும் நம் மண்ணுக்கு அந்நியம் அல்ல என்று தெரிந்தவுடன் பிள்ளைகள் நிமிர்ந்து உட்காருவதை ஒவ்வோர் ஆண்டும் பார்க்கிறேன்.

வார உவமை ஓரிடத்தில் பொருந்தாது என்பதையும் மறைக்காமல் சொல்லிவிட வேண்டும். வாரத்துக்கு விட்டவருக்கு ஓர் ஆண்டு விளைச்சல் போனாலும் நிலம் மிஞ்சும். பங்கில் போட்ட முதலே போய்விடக் கூடும். கொள்ளிடக் கரைப் படுகை நிலத்தை வெள்ளம் அரித்துக்கொண்டு போவதைப் பார்த்த பிள்ளைகளுக்கு இதைச் சொன்னால் உடனே புரிகிறது. அதே வேளையில், பங்குதாரர் போட்ட பணத்துக்கு மேல் இழக்க மாட்டார், நிறுவனம் பட்ட கடனுக்காக அவர் வீட்டு வாசலில் எவரும் வந்து நிற்க முடியாது என்பதையும் சேர்த்துச் சொல்ல வேண்டும். பயிர்க்கடனும் நகைக்கடனும் பேச்சாக இருக்கும் வீடுகளிலிருந்து வரும் பிள்ளைகள் இதைத்தான் திரும்பத் திரும்பக் கேட்டு உறுதி செய்துகொள்கிறார்கள்.

இரண்டாம் படி: ஒரு சுண்டல் கடை

பள்ளி ஆண்டு விழாவிலோ விளையாட்டு விழாவிலோ வகுப்பின் சார்பில் சுண்டலும் நீர்மோரும் விற்கும் கடை ஒன்றைப் போடுங்கள். தலைமையாசிரியரின் ஒப்புதலைப் பெற்று, மூலதனம் 1,000 ரூபாயை ஆசிரியரே போடட்டும்; பிள்ளைகளிடம் ஒரு ரூபாய்கூட வாங்க வேண்டாம். அந்த ஆயிரத்தை 50 ரூபாய் வீதம் 20 பங்குகளாகப் பிரித்து, அட்டையில் பங்குச் சான்றிதழ் எழுதி, வகுப்பில் 20 பேருக்குக் கொடுங்கள். மற்றவர்கள் கடையில் வேலை பார்ப்பவர்கள், கணக்கு எழுதுபவர்கள், தணிக்கை செய்பவர்கள். ஆளுக்குக் கொஞ்சம் புளியங்கொட்டை கொடுத்துவிட்டால் அதுவே வகுப்பின் நாணயம். ஒரு கொட்டை 5 ரூபாய் என்று வைத்துக்கொள்ளலாம்.

ஒரு கணக்கைப் பாருங்கள். ஆயிரம் ரூபாய்க்குக் கடலையும் தேங்காயும் தயிரும் வாங்கி, 1,400 ரூபாய்க்கு விற்றால் இலாபம் 400. இந்த நானூறை என்ன செய்வது என்பதைப் பங்குதாரர்கள் கூடித் தீர்மானிக்க வேண்டும். எல்லாவற்றையும் பிரித்துக்கொள்ளலாம் என்று பாதிப் பேரும், அடுத்த விழாவுக்குப் பெரிய அண்டா வாடகைக்கு எடுக்கலாம் என்று மீதிப் பேரும் வாதிடுவார்கள். அந்த வாதத்தை அவசரப்பட்டு முடித்து வைக்காதீர்கள், ஏனென்றால் பெரிய நிறுவனங்களின் ஆண்டுப் பொதுக்கூட்டங்களிலும் அதே கேள்விதான் முடிவு செய்யப்படுகிறது. பங்குக்கு 10 ரூபாய் ஈவுத்தொகை என்று முடிவானால் 200 ரூபாய் பிரியும், 200 ரூபாய் கடையிலேயே தங்கும். ஈவுத்தொகையைப் புளியங்கொட்டையில் கொடுத்துவிட்டு, அதற்கான ரூபாயை வகுப்பு நூலகத்துக்கு ஒதுக்கிவிடலாம்.

இனித்தான் உண்மையான பாடம். கடையில் இப்போது இருப்பது 1,200 ரூபாய், பங்கு ஒன்றுக்கு 60 ரூபாய். ஒரு பங்குதாரர் தம் சான்றிதழை விற்க வேண்டும் என்கிறார். என்ன விலை? “அடுத்த விழா ஐப்பசியில் வருகிறது, அடைமழையில் யார் நீர்மோர் குடிப்பார்கள்?” என்று கேட்கும் பிள்ளை 45-க்கு மேல் தர மறுப்பான். “மழையில்தான் சூடான சுண்டல் போகும், நீர்மோருக்குப் பதில் சுக்குக் காபி போடலாம்” என்று நினைக்கும் பிள்ளை 75 தரவும் முன்வருவாள். கடை ஒன்றுதான், கணக்கேடும் ஒன்றுதான், விலை மட்டும் இரண்டாக இருக்கிறது. பங்கின் விலை என்பது வரப்போகும் காலத்தைப் பற்றி இருவர் கொண்ட வெவ்வேறு கணிப்புகள் சந்திக்கும் இடம் என்பதை இதைவிடத் தெளிவாகக் காட்டும் வழி எனக்குத் தெரியவில்லை. நான் கரும்பலகையில் வரைந்த எந்தப் படத்துக்கும் இந்த அளவு பயன் இருந்ததில்லை.

முடிந்தால் இரண்டாவது விழாவிலும் கடை போடுங்கள். நட்டம் வந்தால் ஆசிரியர் அதைத் தம் கைப்பணத்தால் ஈடுகட்டிவிடக் கூடாது. சான்றிதழின் மதிப்பு குறைந்ததைப் பிள்ளைகளே கணக்கிட்டு எழுதட்டும்.

மூன்றாம் படி: அன்றாடப் பொருள்களின் உரிமையாளர்கள்

வீட்டில் இருக்கும் பத்துப் பொருள்களின் உறையைப் பார்த்து, தயாரித்த நிறுவனத்தின் பெயரை எழுதிவரச் சொல்லுங்கள். அவற்றில் எவை பங்குச் சந்தையில் பட்டியலிடப்பட்டவை என்று தேடும்போது நல்ல வியப்புகள் கிடைக்கும். பிரிட்டானியா பட்டியலில் இருக்கிறது. பார்லே-ஜி பிஸ்கட் செய்யும் பார்லே புராடக்ட்ஸ் இல்லை. பெயர் பெற்ற நிறுவனம் எல்லாமே பங்கு விற்க வேண்டும் என்பதில்லை என்று இதிலிருந்து தெரிகிறது. டைட்டன் கைக்கடிகார நிறுவனத்தில் கால் பங்குக்கு மேல் தமிழ்நாடு அரசின் டிட்கோ நிறுவனம் வைத்திருக்கிறது என்றால் பிள்ளைகள் நம்ப மறுப்பார்கள். பங்குச் சந்தையின் இணையதளத்திலேயே பங்குதாரர் விவரத்தைத் திறந்து காட்டுங்கள். கும்பகோணத்தில் 1904-இல் கும்பகோணம் வங்கி என்ற பெயரில் தொடங்கி, இன்றும் அந்த ஊரையே தலைமையிடமாகக் கொண்டிருக்கும் சிட்டி யூனியன் வங்கியும் பட்டியலிடப்பட்ட நிறுவனம்தான். பேருந்தில் போகும்போது பார்க்கும் கட்டடத்துக்கு நாடெங்கும் உரிமையாளர்கள் இருக்கிறார்கள் என்பது எங்கள் பிள்ளைகளுக்குப் பெரிய செய்தி. இதையெல்லாம் எடுத்துக்காட்டாகச் சொல்கிறேனே ஒழிய, வாங்கும்படி சொல்லவில்லை. வகுப்பிலும் இதை ஒவ்வொரு முறையும் வாய்விட்டுச் சொல்லிவிட வேண்டும்.

ஓராண்டு ஒரு மாணவி, எண்ணெயும் எரிவாயுவும் எடுக்கும் ஓஎன்ஜிசி நிறுவனத்தின் பங்கை வாங்குவது சரியா என்று கேட்டாள். ஹைட்ரோகார்பன் திட்டத்தை எதிர்த்து நடந்த போராட்டங்களில் அவள் குடும்பம் கலந்துகொண்டிருந்தது. டெல்டாவைப் பாதுகாக்கப்பட்ட வேளாண் மண்டலமாக்கிய 2020-ஆம் ஆண்டுச் சட்டம் அவர்கள் வீட்டில் பேசப்பட்ட ஒன்று. பங்கு வாங்குகிறவர் அந்தத் தொழிலின் உரிமையாளர்களில் ஒருவர் ஆகிறார், ஆகையால் தனக்கு உடன்பாடில்லாத தொழிலில் உரிமையாளராக இருக்க மறுப்பதற்கு எவருக்கும் உரிமை உண்டு, உரிமையாளராகி ஆண்டுப் பொதுக்கூட்டத்தில் வாக்களித்துக் கேள்வி கேட்பதற்கும் உரிமை உண்டு என்று சொன்னேன். இரண்டில் எது சரி என்று நான் சொல்லவில்லை. இப்படிப்பட்ட கேள்வி உங்கள் வகுப்பில் எழுந்தால் அதைப் பாடத்துக்குப் புறம்பானது என்று தள்ளிவிடாதீர்கள். பங்கு என்பது உடைமை என்று அந்தப் பிள்ளைக்கு உண்மையிலேயே விளங்கியிருக்கிறது.

நான்காம் படி: ஆண்டறிக்கை

நிறுவனங்களின் நிதியாண்டு பெரும்பாலும் மார்ச் 31-இல் முடிகிறது. ஆண்டுப் பொதுக்கூட்டத்தைச் செப்டம்பர் 30-க்குள் நடத்த வேண்டும். ஆகவே மேட்டூர் அணை வழக்கமாகத் திறக்கப்படும் ஜூன் 12 தொடங்கிக் குறுவை அறுவடை வரையிலான காலமே ஆண்டறிக்கைகள் வரும் காலமும் ஆகும். அறிக்கை முழுவதையும் படிக்கச் சொல்லி மிரட்ட வேண்டாம். விற்பனை எவ்வளவு, செலவு போக நின்ற இலாபம் எவ்வளவு, கடன் எவ்வளவு என்ற மூன்று எண்களை மட்டும் ஐந்து ஆண்டுகளுக்கு ஒரு நோட்டில் எழுதினால் போதும். வங்கியாக இருந்தால் வைப்பு, கொடுத்த கடன், வாராக்கடன் ஆகிய மூன்றையும் எழுதலாம். ஒன்பதாம் வகுப்புக்கு மேற்பட்ட பிள்ளைகள் இதைத் தடையின்றிச் செய்கிறார்கள். ஆறு முதல் பத்தாம் வகுப்பு வரையிலான பிள்ளைகளுக்குத் தேசிய நிதிக் கல்வி மையம் பயிற்சி நூல்கள் வெளியிட்டிருக்கிறது. சேமிப்பு, வட்டி போன்ற அடிப்படைகளுக்கு அவற்றைத் துணையாகக் கொள்ளலாம்.

ஐந்தாம் படி: இழப்பைப் பற்றிய பாடம்

இலாபத்துக்கு முன்னால் இழப்பைக் கற்பிக்க வேண்டும் என்பதில் நான் உறுதியாக இருக்கிறேன். அதற்கு எங்கள் பக்கத்திலேயே எடுத்துக்காட்டு இருக்கிறது. கரூரில் 1926-இல் தொடங்கப்பட்ட லட்சுமி விலாஸ் வங்கி, வாராக்கடன் சுமையால் நலிந்து, 2020 நவம்பர் 27 அன்று டிபிஎஸ் வங்கி இந்தியாவுடன் இணைக்கப்பட்டது. வைப்பு வைத்திருந்தவர்களின் பணம் புதிய வங்கிக்கு அப்படியே மாறியது. பங்கு வைத்திருந்தவர்களின் மூலதனம் முழுவதும் கணக்கிலிருந்து நீக்கப்பட்டது. அவர்களுக்கு ஒரு ரூபாயும் கிடைக்கவில்லை. ஒரே வங்கி, ஒரே நாள். குத்தகைக்கு விட்டவரின் நெல் வீடு வந்தது, வாரத்துக்கு விட்டவரின் நிலமே ஆற்றோடு போனது. 94 ஆண்டுப் பழமையும் ஊரறிந்த பெயரும் பங்குதாரரைக் காக்கவில்லை என்பதைப் பிள்ளைகள் தாங்களே சொல்லும் வரை இந்தப் பாடத்தை விட்டு நகர வேண்டாம். வங்கி வைப்புக்கு 5 இலட்சம் ரூபாய் வரை காப்பீடு உண்டு, பங்குக்கு அப்படி எதுவும் இல்லை என்பதையும் இங்கேயே சொல்லிவிடலாம்.

எல்லாவற்றையும் ஒன்றிலேயே போடக் கூடாது என்பதற்குக் கஜா புயலே போதும். 2018 நவம்பர் 16 அன்று வேதாரண்யம் பக்கம் கரையைக் கடந்த அந்தப் புயல் பட்டுக்கோட்டை, பேராவூரணி வட்டாரத் தென்னந்தோப்புகளைச் சாய்த்துவிட்டது. தென்னையை மட்டுமே நம்பியிருந்த குடும்பத்துக்கு, புதுக் கன்று காய்க்கும் வரை பல ஆண்டுகள் வருமானம் இல்லை. கொஞ்சம் நெல்வயலும் இரண்டு மாடும் வைத்திருந்த குடும்பம் எப்படியோ காலத்தைத் தள்ளியது. பிள்ளைகளில் பலர் இதை அனுபவித்தவர்கள் அல்லது அனுபவித்தவர்களின் உறவினர்கள் என்பதால் மெதுவாகப் பேச வேண்டும். பல நிறுவனங்களின் பங்குகளைச் சிறிது சிறிதாகச் சேர்த்து வைத்திருக்கும் குறியீட்டு நிதி என்ற ஏற்பாட்டை இந்தக் கதைக்குப் பிறகு விளக்கினால் கூடுதலாக எதுவும் சொல்லத் தேவைப்படுவதில்லை.

ஆறாம் படி: விலையும் குறியீட்டு எண்ணும்

இப்போதுதான் நாளிதழின் வணிகப் பக்கத்தை விரிக்கலாம். சென்செக்ஸ் என்பது மும்பை பங்குச் சந்தையின் 30 பெரிய நிறுவனங்களின் விலைப்போக்கைக் காட்டும் எண், நிஃப்டி 50 என்பது தேசிய பங்குச் சந்தையின் 50 நிறுவனங்களைக் காட்டும் எண், சந்தை திங்கள் முதல் வெள்ளி வரை காலை 9.15 முதல் மாலை 3.30 வரை நடக்கிறது, வாங்கிய பங்கு மறு வேலைநாளில் கணக்குக்கு வந்துவிடுகிறது என்ற விவரங்களை ஒரு வகுப்பில் முடித்துவிடலாம்.

நேரம் செலவிட வேண்டியது கணக்கில்தான். 1978-79-ஐ அடிப்படையாகக் கொண்டு 100 என்று வைக்கப்பட்ட சென்செக்ஸ் 2024 செப்டம்பரில் 85,000-ஐத் தாண்டியது. இதை மட்டும் சொல்லி நிறுத்துவது பிள்ளைகளை ஏமாற்றுவதாகும். அதே சென்செக்ஸ் 2008 ஜனவரியில் 21,000 அளவில் இருந்து அக்டோபரில் 8,500 அளவுக்கு விழுந்தது. பழைய உயரத்தை மீண்டும் எட்ட 2010 இறுதி வரை ஆயிற்று. 2020 மார்ச் 23 அன்று ஒரே நாளில் 13 சதவீதம் இறங்கியது. 100 ரூபாய் 60 சதவீதம் விழுந்து 40 ஆனால், மீண்டும் 100 ஆக எத்தனை சதவீதம் ஏற வேண்டும் என்று கேளுங்கள். வகுப்பில் பெரும்பாலோர் 60 என்பார்கள். விடை 150 சதவீதம். அதைத் தாளில் போட்டுப் பார்த்த பிள்ளை, விழுந்தால் எழுந்துவிடும் என்று இலேசாகப் பேசுவதை விட்டுவிடும்.

கூட்டு வட்டியையும் கையாலேயே போடச் சொல்லுங்கள். ஆண்டுக்கு 10 சதவீதம் வளர்வதாக வைத்துக்கொண்டால் 1,000 ரூபாய் 10 ஆண்டில் 2,594 ஆகும், 20 ஆண்டில் 6,727, 30 ஆண்டில் 17,449. முதல் பத்தாண்டில் சேர்ந்தது 1,594. மூன்றாம் பத்தாண்டில் சேர்ந்தது 10,722. இந்த 10 சதவீதம் கணக்குக்காக எடுத்துக்கொண்டது, எவரும் தந்த வாக்குறுதி அன்று என்பதைக் கரும்பலகையின் மேல் ஓரத்தில் எழுதி வைத்துவிட்டுத்தான் நான் இந்தக் கணக்கைத் தொடங்குவேன்.

ஏழாம் படி: எச்சரிக்கைகள்

பங்குச் சந்தை என்ற பெயரில் இளைஞர்களை முதலில் வந்தடைவது பங்கின் வருங்கால விலையை வைத்துப் போடும் எதிர்கால ஒப்பந்தங்களும் ஆப்ஷன்களும் கொண்ட எஃப் அண்ட் ஓ வணிகம்தான். 2022 முதல் 2024 வரையிலான மூன்று நிதியாண்டுகளில் அதில் இறங்கிய தனிநபர்களில் 93 சதவீதம் பேர் பணத்தை இழந்தார்கள் என்றும், மொத்த இழப்பு 1.8 இலட்சம் கோடி ரூபாய்க்கு மேல் என்றும் செபியின் ஆய்வு 2024 செப்டம்பரில் தெரிவித்தது. பதினொன்றாம், பன்னிரண்டாம் வகுப்புப் பிள்ளைகளிடம் இந்த எண்ணைச் சொல்லாமல் பாடத்தை முடிக்கக் கூடாது. வாட்ஸ்அப்பிலும் டெலிகிராமிலும் வரும் ‘உறுதியான இலாபம்’ குழுக்கள், முன்பின் தெரியாதவர் அனுப்பும் செயலிகள் ஆகியவற்றைப் பற்றி வீட்டிலும் பேச வேண்டும். பணம் பறிபோனால் உடனே 1930 என்ற எண்ணை அழைக்க வேண்டும். வெட்கப்பட்டு மறைக்கும் ஒவ்வொரு மணிநேரமும் பணத்தைத் தொலைவாகக் கொண்டுபோகிறது.

ஆசிரியருக்கும் ஓர் எல்லை உண்டு. எந்தப் பங்கை வாங்கலாம், விற்கலாம் என்று ஆலோசனை சொல்லும் தொழிலுக்குச் செபியின் பதிவு வேண்டும். பங்குச் சந்தைக் கல்வி என்ற பெயரில் அண்மைய மூன்று மாத விலைகளைக் காட்டிப் பேசுவது கல்வி ஆகாது என்றும் 2025 ஜனவரியில் செபி வரையறுத்தது. பள்ளியில் ஓராண்டுக்கு முந்தைய விலைகளே போதுமானவை. பெற்றோர் எவ்வளவு அன்போடு கேட்டாலும் பங்கின் பெயரைச் சொல்லாதீர்கள். நமக்கும் தெரியாது என்பதே அதற்கு நேர்மையான காரணம்.

எட்டாம் படி: உண்மைப் பணம்

இந்த ஏழு படிகளுக்கு எங்கள் வகுப்பில் இரண்டு ஆண்டு ஆகிறது. அதன் பிறகே, வீட்டுக்கு வசதியிருந்தால் மட்டுமே, உண்மைப் பணத்தைப் பற்றிப் பேசலாம். 10 வயது நிறைந்த பிள்ளை தானே இயக்கும் சேமிப்புக் கணக்கை வங்கிகள் அனுமதிக்கலாம் என்று ரிசர்வ் வங்கி 2025-இல் அறிவித்திருக்கிறது. அதுவே முதல் கணக்காக இருக்கட்டும். 18 வயது நிறையாதவர் செய்யும் ஒப்பந்தம் சட்டப்படி செல்லாது என்பதால் பிள்ளை தானாகப் பங்கு வணிகம் செய்ய முடியாது. பிள்ளையின் பெயரில், பங்குகளை மின்வடிவில் வைத்திருக்கும் டீமேட் கணக்கோ, பலருடைய பணத்தைச் சேர்த்து முதலீடு செய்யும் பரஸ்பர நிதிக் கணக்கோ தொடங்கலாம். அதைப் பெற்றோரோ நீதிமன்றம் நியமித்த காப்பாளரோதான் இயக்க வேண்டும். பிறப்புச் சான்றிதழ், காப்பாளரின் பான் அட்டை, டீமேட் கணக்கானால் பிள்ளையின் பான் அட்டை ஆகியவை தேவைப்படும். பரஸ்பர நிதிக்கான பணத்தைப் பிள்ளையின் கணக்கிலிருந்தோ பெற்றோரின் கணக்கிலிருந்தோ செலுத்தலாம், திரும்ப எடுக்கும்போது பிள்ளையின் வங்கிக் கணக்குக்கே வரும். வரும் வருமானம் பெற்றோரில் அதிக வருமானம் உள்ளவருடைய வருமானத்தோடு சேர்த்து வரிக்குக் கணக்கிடப்படும் என்பதையும் முன்கூட்டியே அறிந்திருப்பது நல்லது.

மாதந்தோறும் ஒரு தொகை போடுங்கள் என்று எல்லோரும் சொல்கிறார்கள். அது மாதச் சம்பளக்காரருக்குப் பொருந்தும். எங்கள் பகுதியில் பணம் குறுவை முடிந்தும் சம்பா முடிந்தும் கொள்முதல் நிலையத்திலிருந்து கணக்குக்கு வருகிறது. மற்ற மாதங்களில் விதைக்கும் உரத்துக்கும் போகிறது. ஆகவே விவசாய வீடுகளில் அறுவடைக்கு ஒரு முறை, கடனும் அடுத்த சாகுபடிச் செலவும் போக மிஞ்சியதில் ஒரு சிறு பகுதியை, 500 ரூபாயாக இருந்தாலும், குறியீட்டு நிதி ஒன்றில் போடச் சொல்லுகிறேன். மாதத் தவணை என்று வைத்தால், கட்ட முடியாத மாதத்தில் அது திரும்பி, அதற்கு வங்கி அபராதம் பிடிப்பதைப் பார்க்கும் பிள்ளைக்கு முதலீட்டின் மேலேயே கசப்பு வந்துவிடும். போட்ட தேதி, தொகை, அன்றைய மனநிலை, ஏன் போட்டோம் என்ற காரணம் ஆகியவற்றைப் பிள்ளை தன் கையால் நோட்டில் எழுத வேண்டும். விலையை ஆண்டுக்கு ஒரு முறை பார்த்தால் போதும். எங்கள் வகுப்பில் அதற்கு ஜூன் 12-ஐ வைத்திருக்கிறோம்.

பிள்ளைக்கு 18 வயது நிறையும் நாளோடு காப்பாளரின் அதிகாரம் முடிந்துவிடும். புதிதாகக் கேஒய்சி எனப்படும் அடையாள, முகவரி விவரங்களைக் கொடுத்துக் கணக்கைத் தன் பெயருக்கு முழுமையாக மாற்றிக்கொள்ளும் வரை அதில் வாங்கவோ விற்கவோ முடியாது. ஆதலால் பன்னிரண்டாம் வகுப்புத் தேர்வு முடிந்த விடுமுறையிலேயே பான் அட்டை, ஆதார், வங்கிக் கணக்கு மூன்றிலும் பெயரும் முதலெழுத்தும் ஒரே மாதிரி இருக்கின்றனவா என்று பார்த்துத் திருத்திக்கொள்ளச் சொல்லுங்கள். நம் பிள்ளைகளுக்குத் தந்தை பெயரின் முதலெழுத்து ஒன்றில் முன்னாலும் மற்றொன்றில் பின்னாலும் நிற்பதால் விண்ணப்பங்கள் திரும்பி வருவதை நிறையப் பார்த்துவிட்டேன். கையெழுத்தையும் ஒரே வடிவில் போட்டுப் பழகச் சொல்லி, அந்தக் கணக்கு நோட்டின் கடைசிப் பக்கத்தைத்தான் நான் அதற்குக் கொடுப்பது வழக்கம்.